தொட்டியில் பூச்செடி சோர்ந்தால்: அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிப்பது எப்படி

பெட்டூனியா, இம்பேஷன்ஸ், பிகோனியா, ஜெரேனியம், நித்யகல்யாணி, செண்டுமல்லி, சால்வியா, கோலியஸ் என்று ஒரு பருவம் முழுக்க நிறத்தைக் கொட்டும் செடிகளைத்தான் இங்கே சொல்கிறேன். எல்லாமே கொஞ்சம் செல்லம். உறைபனி ஆகாது, சிலவற்றுக்குக் கடும் வெயில் ஆகாது, சிலவற்றுக்கு மழையே ஆகாது. தரையில் நட்டிருந்தால் தண்ணீர் குறைந்தாலும் வேர் தானாகத் தேடிப் போய்ப் பிழைத்துக்கொள்ளும். தொட்டியில் அப்படி இல்லை, நாம் நிரப்பிக் கொடுத்த ஐந்தாறு லிட்டர் மண்கலவைதான் அதற்கு மொத்த நிலமும். அதனால் நாம் செய்யும் தப்பு இரண்டு நாளில் இலையில் தெரிந்துவிடும், அதைப் பார்த்ததும் நாம் பூச்சி மருந்தைத் தேடி ஓடுவோம். பத்தில் ஏழெட்டு முறை பிரச்சினை மண்ணுக்குள் இருக்கும், மருந்துக்கு வேலையே இருக்காது என்பது என் அனுபவம்.

அதனால் கீழே எந்த அறிகுறியைப் படிப்பதற்கு முன்னாலும் மூன்று காரியம் செய்துவிடுங்கள். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள், ஏனென்றால் மேல் மண் வறண்டு வெளுத்திருக்கும்போதே உள்ளே சேறாக இருப்பது சகஜம். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றிய உடனே எவ்வளவு கனம், காய்ந்தபின் எவ்வளவு கனம் என்று நான்கைந்து நாளில் கை பழகிவிடும், கடையில் விற்கும் ஈரமானியைவிட இது நம்பகமானது. மூன்றாவதைத்தான் யாரும் செய்வதில்லை: செடியின் அடித்தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தொட்டியைக் கவிழ்த்து, மண்கட்டியோடு உருவி வேரைப் பாருங்கள். செடிக்கு ஒன்றும் ஆகாது. நல்ல வேர் வெள்ளையாகவோ பாலேடு நிறத்திலோ உறுதியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகி, இழுத்தால் மேல்தோல் மட்டும் கையோடு வந்து நடுவில் நூல் போல ஒன்று நிற்கும்.

செடி வாடித் தொங்குகிறது

எல்லோரும் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். வாடினால் தாகம் என்று நினைத்து ஊற்றிவிடுகிறோம். ஊற்றும் முன் விரல்.

மண் காய்ந்திருந்தால் சரி, தாகம்தான். ஆனால் பூவாளியில் ஊற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். பீட் பாசி (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) கலந்த கலவை ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் அதன்பின் தண்ணீரை ஒட்டவே விடாது. கோகோபீட் (தென்னைநார்த் துகள்) அந்த அளவு மோசமில்லை, என்றாலும் அதுவும் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகிவிடும். நீங்கள் ஊற்றுவது அந்த இடுக்கு வழியாக நேராகக் கீழே ஓடி, துளையில் வழிந்து, "அப்பாடா, நிறைய ஊற்றியாச்சு" என்ற நிம்மதியை உங்களுக்குக் கொடுக்கும், வேருக்கு ஒரு சொட்டும் போயிருக்காது. தொட்டியைத் தூக்கினால் இன்னும் இலேசாகவே இருக்கிறதா? இதுதான் நடந்திருக்கிறது. ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, தொட்டியை விளிம்பு வரை அமிழ்த்தி, குமிழி வருவது நிற்கும் வரை விடுங்கள். அப்புறம் வெளியே எடுத்து வடியவிட்டால் சாயங்காலத்துக்குள் நிமிர்ந்துவிடும். தொங்குதொட்டிக்கு நாலா பக்கமும் காற்று என்பதால் கோடையில் ஒரு நாளைக்கு இரண்டு தடவைகூடத் தண்ணீர் தேவைப்படும், அது உங்கள் குற்றமில்லை.

மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் செடி வாடியிருக்கிறது என்றால்தான் ஆபத்து. வேருக்கும் மூச்சு உண்டு. மண்ணின் இடுக்குகள் எல்லாம் தண்ணீரால் அடைபட்டால் வேர் திணறிச் சாகும், பூஞ்சை மாதிரி நடந்துகொள்ளும் பித்தியம், பைட்டாப்தோரா போன்ற கிருமிகள் செத்த வேரில் குடியேறும், வேர் இல்லாததால் பக்கத்திலேயே இருக்கும் தண்ணீரைச் செடியால் உறிஞ்ச முடியாது, இலை வாடும், அதைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுவோம். இப்படி ஒரு வரிசை பெட்டூனியாவை நான் முழுசாகக் கொன்றிருக்கிறேன். ஒரே வாரம்தான், அத்தனை அக்கறையாகத் தினம் இரண்டு வேளை ஊற்றினேன்.

செய்ய வேண்டியது: தண்ணீரை நிறுத்துங்கள். அடித்தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். துளை அடைந்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பாருங்கள், வேரே துளையை அடைத்திருப்பதும் உண்டு. செடியை நிழலுக்கு மாற்றி, பாதி வேராவது வெள்ளையாக இருந்தால் அழுகியதை வெட்டி எறிந்துவிட்டு, புதுக் கலவையில், முன்னைவிடச் சின்னத் தொட்டியில் நடுங்கள். வேர் குறைந்த செடிக்குப் பெரிய தொட்டி கொடுத்தால் குடிக்க ஆளில்லாத தண்ணீர் மறுபடியும் தேங்கும். மேலே உள்ள தழையையும் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். வேர் எல்லாமே பழுப்பு என்றால் நுனித் தண்டுகளைக் கிள்ளிப் பதியன் போடுவதுதான் மிச்சம். கோலியஸ், இம்பேஷன்ஸ், பிகோனியா மூன்றும் இதற்குத் தாராளமாக ஒத்துழைக்கும், தண்ணீரில் போட்டாலே வேர் விடும்.

ஒரு பழைய நம்பிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தொட்டியின் அடியில் சரளைக்கல் அல்லது ஓட்டுத்துண்டு ஒரு அடுக்கு போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பார்கள். வடியாது. பொடிமண்ணில் இருக்கும் தண்ணீர் பெரிய கல்லுக்குள் சுலபத்தில் இறங்காது. மண் முழுக்க நிறைந்து இனித் தாங்க முடியாது என்ற நிலை வந்தால்தான் இறங்கும். அதாவது சேறாக நிற்கும் பகுதி தொட்டியின் அடியில் இருப்பதற்குப் பதிலாகக் கல்லுக்கு மேலே, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து உட்காரும். சந்தேகம் இருந்தால் ஒரு ஈரப் பஞ்சைப் படுக்கை வசமாகப் பிடியுங்கள், சொட்டி முடிந்ததும் அதையே செங்குத்தாக நிமிர்த்துங்கள், மறுபடி சொட்டும். உயரம் கூடினால் வடிகால் கூடும், கல்லைப் போட்டு மண்ணின் உயரத்தைக் குறைத்தால் குறையும், அவ்வளவுதான். துளை வழியாக மண் போகாமல் இருக்க ஒரு சின்ன வலைத்துண்டு போதும். வடிகால் வேண்டுமென்றால் கலவைக்குள்ளேயே பெர்லைட்டோ (பொரித்த எரிமலைக் கல்லின் இலேசான வெள்ளைத் துணுக்கு) கரடுமுரடான மரப்பட்டைத் துண்டோ சேருங்கள்.

மத்தியானம் மட்டும் வாடி, வெயில் இறங்கியதும் தானாக நிமிர்கிறதா? மண்ணும் ஈரமா? அப்போது ஒன்றும் செய்யாதீர்கள். அகன்ற மெல்லிய இலைச் செடிகள், முக்கியமாக இம்பேஷன்ஸும் கோலியஸும், வேர் கொடுப்பதைவிட வேகமாக இலை வழியாகத் தண்ணீர் ஆவியாகும் நேரத்தில் இப்படித்தான் படுத்துக்கொள்ளும். தினமும் நடந்தால் இடத்தை மாற்றுங்கள். தொட்டி கருப்பு அல்லது அடர்நிறமாக இருந்தால் அதன் மேலும் சந்தேகப்படுங்கள்: நேர் வெயில் படும் பக்கத்துச் சுவரை ஒட்டிய மண் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அபூர்வமில்லை, வேர்களோ 40 டிகிரியை நெருங்கும்போதே கருகத் தொடங்கும். வேரை உருவிப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் வெறுமையாக இருக்கும். அந்தத் தொட்டியை இன்னொரு பெரிய தொட்டிக்குள் இறக்கிவிட்டால் நடுவில் உள்ள காற்றே காப்பாகிவிடும்.

கடைசியாக ஒன்று. ஒரே ஒரு கிளை மட்டும், அல்லது இலை இன்னும் பச்சையாக இருக்கும்போதே செடி முழுதும் திடீரென்று வாடி, தண்ணீர் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் நிமிரவில்லை என்றால் தண்டைக் கணுவுக்குக் கீழே வெட்டி, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டுவாய் மூழ்கும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் போல வழிந்தால் அது பாக்டீரியா வாடல். மருந்து கிடையாது. செடி, மண் இரண்டையும் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள், கத்தரியைக் கழுவாமல் அடுத்த செடிக்குப் போகாதீர்கள்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்று பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது.

அடி இலைகள் முதலில், நரம்பு உட்பட ஒரே சீராக மஞ்சளாகி, மேலே புது இலைகள் சின்னதாக வெளிர்பச்சையாக வருகின்றன என்றால் தழைச்சத்து (நைட்ரஜன்) பசி. செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுத்துச் சமாளிக்கிறது. தொட்டிச் செடிக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம், ஏனென்றால் நாம் தினமும் ஊற்றும் தண்ணீர் சத்தையும் சேர்த்துத் துளை வழியாக வெளியே கொண்டுபோகிறது. பையில் வாங்கும் கலவையில் கலந்திருக்கும் உரம் பெரும்பாலும் ஆறு வாரத்துக்கு மேல் தாங்காது. மெதுவாகக் கரையும் குருணை உரத்தை நடும்போதே கலந்திருந்தால் நல்லது, ஆனால் பையில் "ஆறு மாதம்" என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். அந்தக் கணக்கு சுமார் 21 டிகிரி வெப்பத்துக்குப் போட்டது, மண் சூடாக இருந்தால் உரம் அதற்கு முன்பே கரைந்து தீர்ந்துவிடும். பருவத்தின் நடுவிலிருந்து வாரம் ஒருமுறை திரவ உரத்தைப் பாதி அளவு கரைத்து ஊற்றுவது என் வழக்கம். படரும் பெட்டூனியா பெரிய சாப்பாட்டு ராமன், அதற்கு மட்டும் முழு அளவு.

நுனி இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகக் கோடு கோடாகத் தெரிகிறதா? இரும்புச்சத்து. பெட்டூனியாவும் அதன் சின்னத் தங்கை கலிப்ரகோவாவும் இதற்குப் பேர்போனவை. மண்ணில் இரும்பு இல்லாமல் இருக்காது, எடுக்க முடியாமல்தான் தவிக்கும். சுண்ணாம்பு கலந்த கடினத் தண்ணீரை வாரக்கணக்கில் ஊற்றும்போது கலவையின் பி.எச். (அமில-கார அளவு, எண் ஏற ஏறக் காரம்) மெல்ல ஏறி, 6.5-ஐத் தாண்டியதும் இந்தச் செடிகளுக்கு இரும்பு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். மழைநீர் கிடைத்தால் அதை ஊற்றுங்கள். கடையில் இரும்புச்சத்து வாங்குவதாக இருந்தால் பொட்டலத்தில் உள்ள எழுத்தைப் படியுங்கள்: இ.டி.டி.ஏ. வகை பி.எச். 6.5-க்கு மேல் போனால் பிடியை விட்டுவிடும், இ.டி.டி.எச்.ஏ. வகைதான் காரமான மண்ணிலும் தாங்கும். துருப்பிடித்த ஆணியைப் புதைப்பது பற்றிக் கேட்காதீர்கள், அந்தத் துரு கரைந்து செடிக்குப் போய்ச் சேர்வதற்குள் பருவமே முடிந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜெரேனியமும் செண்டுமல்லியும் நேர் எதிர்க் கட்சி. பி.எச். 6-க்குக் கீழே இறங்கினால் இரண்டும் இரும்பையும் மாங்கனீசையும் அளவுக்கு மீறி உறிஞ்சிக்கொண்டு, அடி இலைகளில் பழுப்புப் புள்ளி புள்ளியாக, ஓரம் கருகி, நோய் வந்த மாதிரியே நிற்கும். பெட்டூனியாவையும் ஜெரேனியத்தையும் ஒரே தொட்டியில் நட்டுவிட்டு, பெட்டூனியா வெளுக்கிறதே என்று இரும்பு ஊற்றினால் ஜெரேனியம் புள்ளி போடும். நட்டாயிற்று என்றால் இலைமேல் தெளிக்கும் இரும்பைப் பெட்டூனியாவுக்கு மட்டும் கொடுங்கள், அடுத்த முறை இரண்டையும் பிரித்து வையுங்கள்.

அடி இலையில் நரம்பு பச்சை, இடைவெளி மஞ்சள் என்றால் மக்னீசியம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு நாலைந்து கிராம் எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) கரைத்து மண்ணில் ஊற்றுங்கள், இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. எல்லா மஞ்சளுக்கும் எப்சம் உப்பு என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது, அதில் சேராதீர்கள்.

செடி முழுதும் சோகையாக மஞ்சள், வளர்ச்சியே இல்லை, மண் குளிர்ந்து ஈரமாக இருக்கிறது என்றால் அது குளிர். நித்யகல்யாணி இதில் முதல் ஆள். சூடு வரும்வரை தண்ணீரைக் குறைத்துக் காத்திருங்கள், உரம் போடாதீர்கள்.

இலை ஓரம் கருகுகிறது, மண்மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது

உப்பு. உரத்தில் மிஞ்சியதும் தண்ணீரில் இருந்ததும் சேர்ந்து படிந்தது. மண்தொட்டி என்றால் வெளிச்சுவரிலும் வெள்ளை பூக்கும், அது மட்டும் இருந்தால் கவலையில்லை. இலை ஓரமும் கருகினால் தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு வெறும் தண்ணீரை மெதுவாக ஊற்றி முழுக்க வடியவிடுங்கள். அப்புறம் இரண்டு வாரம் உரத்தைத் தொடாதீர்கள். காய்ந்த மண்ணில் ஒருபோதும் உரக்கரைசல் ஊற்ற வேண்டாம், முதலில் வெறும் தண்ணீர், பிறகு உரம். அடித்தட்டில் நிற்கும் தண்ணீரை அரைமணி நேரத்தில் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வடிந்த உப்பே மேலே ஏறிவரும்.

வாங்கிவந்து வைத்த மூன்றாம் நாளே இலை காகிதம் போல வெளுக்கிறது

நோய் இல்லை, வெயில் காயம். நாற்றுப்பண்ணையில் நிழல்வலைக்குள் வளர்ந்த இலை நேர் வெயிலைப் பார்த்ததே இல்லை. வெளுத்த இலை மறுபடி பச்சையாகாது, புது இலை சரியாக வரும். கண்ணாடிக் கூடத்திலிருந்தோ வீட்டுக்குள்ளிருந்தோ வெளியே வரும் எந்த நாற்றுக்கும் ஏழு முதல் பத்து நாள் பழக்கம் தேவை: முதலில் இளவெயில் ஒரு மணி நேரம், பிறகு தினம் கொஞ்சம் கூட்டி. குளிர்ந்த ஊர் என்றால் இரவில் உள்ளே எடுத்துவிடுங்கள்.

தழைத்து நிற்கிறது, பூவே இல்லை

முதலில் வெளிச்சம். "எங்கள் இடத்தில் நல்ல வெயில்" என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொன்னேன். ஒருநாள் காலையிலிருந்து மணிக்கொரு தடவை அதே மூலையைக் கைப்பேசியில் படம் எடுத்துப் பார்த்தேன், மொத்தம் மூன்றே கால் மணி நேரம்தான் நேர் வெயில். பெட்டூனியா, ஜெரேனியம், ஜினியா, டேபிள் ரோஸ், செண்டுமல்லி எல்லாம் ஆறு மணி நேரமாவது கேட்கும். அதற்குக் குறைந்தால் இம்பேஷன்ஸ், மெழுகு பிகோனியா, டொரேனியா, ஃபூசியா பக்கம் போய்விடுங்கள். வெயிலைக் கூட்ட முடியாது, செடியை மாற்றலாம்.

வெயில் சரியாக இருந்து இலை கரும்பச்சையாக மினுமினுவென்று இருந்தால் தழைச்சத்து மிகுதி. தொட்டியில் தொழுவுரத்தை அள்ளிப் போட்டவர்கள், புல்வெளி உரத்தைத் தவறிப் பயன்படுத்தியவர்கள் வீட்டில் இதுதான் நடக்கும். மூன்று வாரம் உரத்தை நிறுத்தி, பிறகு சாம்பல் சத்து (பொட்டாசியம்) கூடுதலாக உள்ள உரத்துக்கு மாறுங்கள்.

ஒருமுறை நன்றாகப் பூத்து, பிறகு படிப்படியாகக் குறைந்துவிட்டதா? வாடிய பூவை எப்படி எடுக்கிறீர்கள் என்று கவனியுங்கள். பெட்டூனியாவில் சுருங்கிய இதழைப் பிடித்து இழுத்தால் அது மட்டும் கழன்று வரும், அடியில் பச்சைக் கிண்ணத்துக்குள் விதைக்காய் அப்படியே இருக்கும். நமக்குச் சுத்தமாகத் தெரியும், செடியோ விதை வளர்க்கும் வேலையில் இறங்கியிருக்கும், இனி எதற்குப் பூ என்று நினைத்துக்கொள்ளும். காம்போடு கிள்ளுங்கள். ஜெரேனியத்தில் பூக்கொத்தின் நீண்ட காம்பை அது தண்டோடு சேரும் கணுவில் வளைத்தால் டக்கென்று ஒடிந்து வரும். இம்பேஷன்ஸ், மெழுகு பிகோனியா, நித்யகல்யாணி தாமே உதிர்த்துக்கொள்ளும், அவற்றை விட்டுவிடலாம்.

மொட்டு வருகிறது, விரிவதில்லை, மொட்டின் பக்கவாட்டில் குண்டூசித் துளை, இலைமேல் மிளகு மாதிரி கருப்புத் துணுக்குகள். மொட்டுப்புழு. பகலில் தேடினால் கிடைக்காது, அந்தி சாய்ந்தபின் கைவிளக்கோடு போங்கள். செடியின் நிறத்துக்கே மாறி நிற்கும் பச்சை, பழுப்பு, இளஞ்சிவப்புப் புழுக்களைக் கையால் பொறுக்கிவிடலாம். புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்தான பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் தெளித்தால் பெட்டூனியாவில் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் அங்கே புழு இதழையும் தின்கிறது, தெளித்தது வயிற்றுக்குப் போகிறது. ஜெரேனியத்தில் நேராக மொட்டுக்குள் துளைத்து ஒளிந்துகொள்வதால் அத்தனை பலன் இல்லை, துளை விழுந்த மொட்டைக் கிள்ளி எறிவதே வழி.

கடும் வெயில் காலத்தில் லொபீலியாவும் பான்சியும் பூப்பதை நிறுத்திவிடும். அவை குளிருக்குப் பிறந்தவை. லொபீலியாவைப் பாதியாக வெட்டி நிழலில் வைத்தால் சூடு தணிந்ததும் திரும்பலாம். பான்சிக்காக நான் மெனக்கெடுவதில்லை.

தண்டு நீளமாக ஓடி, நுனியில் மட்டும் இரண்டு பூ, நடுவில் மொட்டை

நாற்றாக இருந்தபோது நுனி கிள்ளாததன் பலன். வாங்கும்போது பூத்திருக்கிறதே என்று மனசு வராது, எனக்கும் அப்படித்தான். இப்போது ஒரே நாளில் மொத்தமும் மொட்டையடித்தால் சில வாரம் வெறும் குச்சியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தண்டுகளை மூன்று பங்காகப் பிரித்து, வாரம் ஒரு பங்கைப் பாதி நீளத்துக்கு வெட்டி வாருங்கள். வெட்டும் இடத்துக்குக் கீழே சில பச்சை இலைகளாவது இருக்க வேண்டும், வெறும் மரத்தண்டு வரை வெட்டினால் துளிர்க்காமல் போகலாம். வெட்டிய அன்றே திரவ உரம். பெட்டூனியாவுக்கும் வெர்பினாவுக்கும் இது மறுஜென்மம்.

இலை சுருண்டு, பிசுபிசுக்கிறது, அல்லது தூசி படிந்த மாதிரி இருக்கிறது

இலையைத் திருப்புங்கள். கொத்தாகப் பச்சை, கருப்புக் குட்டிப் பூச்சி என்றால் அசுவினி, பஞ்சு ஒட்டிய மாதிரி கணுவில் இருந்தால் மாவுப்பூச்சி, தொட்டதும் வெள்ளையாகப் பறந்தால் வெள்ளை ஈ. எறும்பு வரிசையாக ஏறி இறங்கினால் அது அவற்றின் தேன்கழிவுக்காக வருகிறது, எறும்பைத் துரத்துவதைவிட அது எங்கே போய் நிற்கிறது என்று பின்தொடருங்கள், பூச்சி இருக்கும் இடத்தை அதுவே காட்டும்.

பூச்சி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை, இலை மட்டும் நுண்ணிய வெள்ளைப் புள்ளிகளோடு மங்கி வெளுத்திருக்கிறது என்றால் வெள்ளைத்தாளை அடியில் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நடந்தால் சிலந்திப்பேன். வறண்ட சூட்டில் பெருகும் கூட்டம் இது, இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி குறையும். இதழில் வெள்ளிக்கோடும் கருந்துணுக்கும் இருந்தால் இலைப்பேன், பூவைக் கிள்ளி வெள்ளைத்தாளில் உதறினால் ஊசிமுனை மாதிரி ஓடும்.

எல்லாவற்றுக்கும் முதல் மருந்து ஒன்றுதான்: லிட்டருக்கு 5 மி.லி. மிதமான சோப்புத் திரவம், அல்லது அதே அளவு வேப்ப எண்ணெயும் அது தண்ணீரில் கலக்கச் சில சொட்டு சோப்பும். சாயங்காலம், இலையடி நனைய. சோப்பு பூச்சியின் மேல் பட்டால்தான் கொல்லும், காய்ந்தபின் அதற்குச் சக்தி இல்லை, அதனால் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை என்று மூன்று சுற்றாவது வேண்டும். ஃபூசியா, இம்பேஷன்ஸ் இலைகள் இதிலேயே கருகக்கூடும், ஒரே ஒரு இலையில் அடித்து ஒருநாள் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள். விரிந்த பூக்களைத் தவிர்த்துவிடுங்கள், தேனீ வரும் இடம்.

இலையில் ஒழுங்கற்ற பெரிய ஓட்டை, பக்கத்தில் காய்ந்த பளபளப்புத் தடம் என்றால் நத்தை. இரவில் பொறுக்குங்கள், தொட்டியின் அடியைத் தூக்கிப் பார்க்க மறக்காதீர்கள்.

வெள்ளை, சாம்பல், துரு நிறத்தில் ஏதோ படிகிறது

வெள்ளை எந்தப் பக்கம்? மேல்பக்கம் மாவு தூவிய மாதிரி இருந்தால் சாம்பல் நோய். ஜினியா, பிகோனியா, வெர்பினா மூன்றுக்கும் வரும், காற்றோட்டம் இல்லாத நெருக்கத்தில் அதிகம். பட்ட இலையைக் கிள்ளி, தொட்டிகளைத் தள்ளி வைத்து, கந்தகமோ வேப்ப எண்ணெயோ தெளியுங்கள். இரண்டையும் சேர்த்தோ அடுத்தடுத்த நாளிலோ அடித்தால் இலை வெந்துவிடும், ஏதாவது ஒன்று.

இம்பேஷன்ஸில் இலையின் அடிப்பக்கம் வெள்ளைப் பூசணம், மேலே வெளிர்மஞ்சள், சில நாளில் இலை பூ எல்லாம் உதிர்ந்து வெறும் பச்சைத் தண்டு. இது அடிச்சாம்பல் நோய், பெயரில்தான் உறவு, ஆள் முற்றிலும் வேறு. 2003-இல் பிரிட்டனில் தலைகாட்டி, 2011, 2012 ஆண்டுகளில் அமெரிக்கத் தோட்டங்களில் இம்பேஷன்ஸையே ஒழித்துக்கட்டப் பார்த்தது. வந்த செடியைக் காப்பாற்ற வழியில்லை. பையில் கட்டி எறிந்துவிட்டு, அதே மண்ணில் மறுபடி சாதாரண இம்பேஷன்ஸ் வைக்காதீர்கள், அதன் வித்துகள் செத்த செடியின் துணுக்குகளோடு மண்ணில் தங்கும். நியூகினி இம்பேஷன்ஸுக்கு இந்த நோய் பெரும்பாலும் ஒட்டாது, பிகோனியாவுக்கு வரவே வராது.

வாடிய பூவிலும் அது விழுந்து ஒட்டிய இலையிலும் சாம்பல் நிறப் பஞ்சு படர்ந்தால் பாட்ரைடிஸ் என்ற பூஞ்சை. ஈரமும் குளிரும் மந்தாரமும் சேர்ந்தால் வரும். உதிர்ந்த பூவைப் பொறுக்குவதும், காலையில் மண்ணுக்கு மட்டும் தண்ணீர் விடுவதுமே சிகிச்சை. மழை விடாமல் பெய்யும் இடத்தில் பெரும்பூ பெட்டூனியா வைப்பவர்களுக்கு என் அனுதாபங்கள், சின்னப்பூ வகைகள் நனைந்தாலும் நிமிரும்.

ஜெரேனியம் இலையடியில் துருநிறப் பொடி வட்டம் வட்டமாக இருந்தால் துருநோய், அந்த இலைகளை எடுத்து, இலை நனையாமல் பாருங்கள். பொடி இல்லாமல் தக்கை மாதிரிச் சொரசொரப்பான பருக்கள் மட்டும், அதுவும் படரும் ஜெரேனியத்தில் என்றால் அது நோயே இல்லை. மேகமூட்டத்தில் வேர் உறிஞ்சிய தண்ணீரை இலையால் வெளியேற்ற முடியாமல் உள்ளறைகள் வெடித்த தழும்பு. தண்ணீரைக் குறையுங்கள்.

நேற்று நன்றாக இருந்தது, காலையில் கருத்துத் தொய்ந்துவிட்டது

உறைபனி. இம்பேஷன்ஸ், கோலியஸ், பிகோனியா இதில் தப்பாது. ஜெரேனியம் மட்டும் இலை கருகினாலும் தண்டு கெட்டியாக இருந்தால் துளிர்க்க வாய்ப்புண்டு, வெட்ட அவசரப்படாதீர்கள். தெளிந்த வானம், காற்றில்லாத இரவு என்று தெரிந்தால் தொட்டிகளைச் சுவரோரம் நெருக்கி ஒரு துணியைப் போர்த்துங்கள், துணி இலையில் ஒட்டாமல் குச்சி நட்டு. பூஜ்ஜியத்துக்குப் போகாவிட்டாலும் 10 டிகிரிக்குக் கீழே பல இரவுகள் இருந்தால் இவற்றில் பல செடிகள் முறைத்துக்கொண்டு நின்றுவிடும், அதனால் முதல் சூடான வாரத்தைப் பார்த்து ஏமாந்து நட்டுவிடாதீர்கள்.

மண்ணைச் சுற்றிக் குட்டிக் கருப்பு ஈ

பூஞ்சைக் கொசு. வளர்ந்த செடிக்குப் பெரிய தொந்தரவு இல்லை, நாற்றின் வேரைக் கடிக்கும். மேல்மண் இரண்டு செ.மீ. காயும்வரை தண்ணீர் விடாமல் இருந்தால் குறைந்துவிடும், மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்று வையுங்கள்.

எல்லாம் செய்தாயிற்று, ஒன்றும் பலிக்கவில்லை

இரண்டு வாரம் கொடுங்கள். இவை பெரும்பாலும் ஒரு பருவச் செடிகள், மரம் இல்லை. புது இலை ஒன்றுகூட நல்ல நிறத்தில் வரவில்லை என்றால் எடுத்து எறிவதில் குற்ற உணர்ச்சி வேண்டாம், நோய்ச்செடியை வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தால் பக்கத்துத் தொட்டிக்கும் பரவும். வேரழுகலோ வாடலோ இருந்த மண்ணைப் பூந்தொட்டிக்குத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, வெளுப்புத் திரவம் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, மறுபடி அலசி வெயிலில் காயப் போடுங்கள். அதில் வேறு இனச் செடி ஒன்றை நடுங்கள், நடும் அன்றைக்கே தண்ணீர் ஊற்றி வடிந்ததும் ஒருமுறை தூக்கிக் கனத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.